மனைவி கனடாவில், நான் அரவேணுவில்: ஸ்பான்சர் ஃபைலின் மாதக் கணக்கு

கல்யாணம் முடிந்த பதினெட்டாம் நாள் என் மனைவி கோயம்புத்தூரில் விமானம் ஏறினாள். மறுநாளே அரவேணு பஸ் ஸ்டாப்பில் கேள்வி ஆரம்பித்துவிட்டது. "தம்பி, எப்பப் போற?" டீக்கடைக்காரர் கேட்டார், இலை மூட்டை ஏற்றிவரும் பிக்கப் டிரைவர் கேட்டார், பால் ஊற்றும் அக்கா தினமும் கேட்டார். முதலில் "ஒரு வருசம் ஆகும்ணா" என்று உறுதியாகச் சொன்னேன். பிறகு "இன்னும் ஆறு மாசம்" என்றேன். அந்த ஆறு மாதம் முடிந்தபோதும் "இன்னும் ஆறு மாசம்"தான். கடைசியில் கேட்பவர்களே நிறுத்திக்கொண்டார்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். மனைவி கூடலூர்க்காரி. நர்சிங் படித்து, கனடாவில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கி, ஒன்டாரியோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். ஊர் வழக்கப்படி புருசன்தான் வெளிநாட்டில் இருப்பான், பெண்டாட்டி இங்கே காத்திருப்பாள். எங்கள் வீட்டில் தலைகீழ்: அவள் ஸ்பான்சர், அதாவது என்னை அங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பிப்பவள்; நான் காத்திருப்பவன். அதற்கான கேலியை வாங்கி முடித்துவிட்டேன், அதை இங்கே எழுதப்போவதில்லை. 2024 தை மாதக் கல்யாணத்திலிருந்து 2025 அக்டோபரில் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லி மெயில் வந்தது வரை 21 மாதம். அதில் எத்தனை மாதம் அவர்கள் எடுத்துக்கொண்டது, எத்தனை மாதம் நானே கெடுத்துக்கொண்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் ஃபைலில் இரண்டாவது கணக்கு குறையட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் கன்சல்டன்ட் கிடையாது, வக்கீலும் கிடையாது.

தளத்தில் இருக்கும் எண்

கனடா குடிவரவுத் துறையின் இணையதளத்தில் ப்ராசஸிங் டைம் பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது. குடும்ப ஸ்பான்சர்ஷிப், கணவன் அல்லது மனைவி, கனடாவுக்கு வெளியே இருக்கிறார், கியூபெக் அல்லாத மாகாணம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு எண் வரும். இத்தனை மாதம் என்று. நம் ஆட்கள் அந்த எண்ணைக் காலண்டரில் கூட்டி, மண்டபத்தில் தேதி குறிப்பதுபோல டிக்கெட்டுக்கு நாள் குறித்துவிடுகிறார்கள். நானும் குறித்தேன்.

துறை தனக்கு வைத்திருக்கும் இலக்கு 12 மாதம். 2016 டிசம்பரில், அப்போது இரண்டு வருடம் வரை இழுத்துக்கொண்டிருந்த வேலையை 12 மாதத்தில் முடிப்போம் என்று அமைச்சராக இருந்த ஜான் மெக்கல்லம் அறிவித்தார். ஆனால் அந்த இலக்கே பத்து ஃபைலில் எட்டுக்குத்தான். மிச்சம் இரண்டு எப்போது முடியும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஃபேக்டரியில் இலை வாட எத்தனை மணி நேரம் என்று என்னைக் கேட்டால் பதினான்கு, பதினாறு என்பேன். மழையில் நனைந்து வந்த இலைக்கு அந்தப் பேச்சு எடுபடாது. நான் சொன்னது பொய்யும் இல்லை.

இந்த எண்ணில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். கடிகாரம் ஓட ஆரம்பிப்பது நீங்கள் பணம் கட்டிய அன்றைக்கோ தாலி கட்டிய அன்றைக்கோ இல்லை. முழுமையான விண்ணப்பம் அவர்கள் கைக்குப் போன நாளில்தான். அது நிற்பதும் முடிவெடுத்த நாளில். அதற்குப் பிறகு பாஸ்போர்ட் சென்னைக்குப் போய்த் திரும்புவது, வேலையை விடுவது, டிக்கெட் போடுவது எல்லாம் தனி. முன்னால் பேப்பர் சேர்க்கும் மாதங்களும் தனி. மூன்றாவது, கியூபெக். மனைவி மான்ட்ரியாலில் இருந்தால் மாகாண அரசின் ஒப்புதலும் சேர்ந்து வேண்டும். அங்கே விண்ணப்பங்களுக்கு உச்சவரம்பு வேறு வைத்திருக்கிறார்கள், எண் எங்கேயோ போய் நிற்கும். டொரன்டோக்காரர் சொன்ன கணக்கை மான்ட்ரியால்காரர் நம்பக் கூடாது.

நாடு மாறினால் கணக்கே மாறிவிடும். கட்டபெட்டு நண்பர் ஒருவரின் மனைவி அமெரிக்காவில் கிரீன் கார்டில் இருக்கிறார். அவர்கள் மாதாமாதம் விசா புல்லட்டின், அதாவது யாருடைய முறை வந்திருக்கிறது என்ற பட்டியல், பார்க்கிறார்கள். அது ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற வரம்பினால் வரும் க்யூ. கனடாவில் கியூபெக்கைத் தவிர மற்ற இடங்களில் கணவன் மனைவிக்கு அப்படி ஒரு க்யூ நம்பர் கிடையாது, மேசையில் இருக்கும் வேலை முடிகிற நேரம்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி நாங்கள் இருவரும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

125 டாலரை மிச்சம் பிடித்த கதை

2024 ஏப்ரல் 30 அன்று கட்டணம் ஏறப்போகிறது என்று தெரிந்தது. ஸ்பான்சர் கட்டணம், விண்ணப்பக் கட்டணம், நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,080 டாலராக இருந்தது 1,205 ஆகிறது. பயோமெட்ரிக்ஸுக்கு 85 டாலர் தனி. வித்தியாசம் 125 கனடா டாலர், நம் காசில் ஏழாயிரத்து ஐந்நூறு சொச்சம். "எப்படியாவது 29-ம் தேதிக்குள்ள அனுப்பிரலாம்" என்று நான்தான் குதித்தேன். ஏப்ரலில் இலை வரத்து கொட்டும், ஃபேக்டரி ராத்திரியும் ஓடும். ஷிப்ட் முடிந்து வந்து அரைத் தூக்கத்தில் ஃபாரம் நிரப்பினேன்.

ஐஎம்எம் 5669 என்று ஒரு ஃபாரம். கடந்த பத்து வருடத்தில் என்ன செய்தீர்கள் என்று மாதம் மாதமாக எழுத வேண்டும். 28 வயதுக்கு உட்பட்டவர்கள் 18 வயதிலிருந்து எழுத வேண்டும். ஒரு மாதம்கூட விடக் கூடாது. நான் டிப்ளமோ முடித்து வேலையில் சேருவதற்கு முன் நான்கு மாதம் சும்மா இருந்தேன். அம்மாவோடு தோட்டத்துக்குப் போனேன், கிரிக்கெட் ஆடினேன். அதை என்னவென்று எழுதுவது என்று அந்த வரியைத் தாண்டிவிட்டேன். ஜூலையில் ஃபைல் முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. நிராகரிப்பு இல்லை, ஆனால் வரிசையில் பிடித்த இடம் போயிற்று. புதிதாக அனுப்பினால் அன்றிலிருந்து கணக்கு.

'வேலை இல்லை, பெற்றோருடன் வீட்டில் இருந்தேன்' என்று ஒரே வரி எழுதியிருந்தால் போதும். வேலை இல்லாமல் இருந்தது குற்றம் இல்லை. காலியாக விடுவதுதான் குற்றம்.

அதோடு முடிந்ததா? கல்யாணத்துக்கு முன்பே ஆர்வக் கோளாறில் பி.சி.சி. என்ற போலீஸ் சான்று வாங்கி வைத்திருந்தேன். நாம் இப்போது வசிக்கும் நாட்டின் போலீஸ் சான்று, விண்ணப்பிக்கும் நாளுக்கு ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஜனவரியில் வாங்கியது ஆகஸ்டில் செல்லாது. மறுபடி பாஸ்போர்ட் சேவா தளத்தில் 500 ரூபாய் கட்டி, மறுபடி கோயம்புத்தூருக்கு பஸ் ஏறி, மறுபடி ஸ்டேஷனிலிருந்து விசாரணை. ஏட்டய்யா சிரித்தார்: "என்ன தம்பி, ஆறு மாசத்துல எதாச்சும் பண்ணிட்டியா?" கடைசியில் 1,205 டாலரே கட்டினோம். கட்டணம் 2020, 2022, 2024 என்று ஒன்றுவிட்டு ஒரு வருடம் ஏப்ரல் 30 அன்று ஏறியிருக்கிறது. ஏறினால் ஏறட்டும், அதற்காக ஓடாதீர்கள்.

அவள் ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

மனைவிக்கோ கணவனுக்கோ லீவு மூன்று வாரம்தான் இருக்கும். அதில் விருந்துக்குப் போவது பாதி. திருமணப் பதிவை அந்த நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-ன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை இழுக்கலாம். ஆனால் இருவரும் நேரில் போக வேண்டுமே, அவள் விமானம் ஏறிய பிறகு அந்த 90 நாள் என்ன உதவி செய்யும்? நாங்கள் கல்யாணத்துக்கு முன்பே பதிவுத்துறைத் தளத்தில் விவரங்களை ஏற்றி வைத்துவிட்டு, மறுவீடு முடிந்த கையோடு கோத்தகிரி சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் சாட்சிகளோடு போய் நின்றோம். மண்டப ரசீது, பத்திரிகை, இருவரின் ஆதார், வயதுச் சான்று எல்லாம் ஒரே மஞ்சப்பையில்.

ஐஎம்எம் 1344 (ஸ்பான்சர் விண்ணப்பம்), ஐஎம்எம் 5532 இரண்டிலும் இருவர் கையெழுத்தும் வேண்டும். கேட்கிற விவரங்களை அவள் பக்கத்தில் இருக்கும்போதே உட்கார்ந்து எழுதிவையுங்கள். 5532 என்பது எப்படிச் சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தார்கள், நிச்சயத்துக்கு யார் வந்தார்கள், கல்யாணத்துக்கு எத்தனை பேர் என்று கேட்கும் ஃபாரம். அவளுடைய சித்தப்பா பெயர் எனக்குத் தெரியாது, என் அத்தை பெயரை அவள் மாற்றிச் சொன்னாள். போனில் கேட்டு எழுதியிருந்தால் இரண்டு ஃபாரமும் இரண்டு கதை சொல்லியிருக்கும்.

பெயர் விஷயம் நம்மவர்களுக்கென்றே வந்த தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. கனடா ஃபாரத்தில் அப்படி இருந்தால் பெயர் முழுவதையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டு, இடுபெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். இனிஷியல் போடக் கூடாது. அப்பா பெயரைக் கொண்டுபோய் அதில் நிரப்பவும் கூடாது. பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அது. கணவன் மனைவி பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்த்தால்தான் ஃபைல் நகரும் என்று சிலர் சொல்வார்கள். கனடா அப்படிக் கேட்பதில்லை. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாகிறது என்றால் மட்டும் முதலிலேயே புதுப்பித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல். தாத்தா நுவரெலியாத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964 சிறீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அப்பா பிறந்தது அங்கே. ஃபாரத்தில் பெற்றோர் பிறந்த இடம் கேட்கிறார்கள். "கோத்தகிரின்னே போட்டுருடா, எதுக்கு வம்பு" என்றார் அத்தை. நான் நுவரெலியா, இலங்கை என்றே எழுதி, தாத்தாவின் குடும்ப அட்டை நகலையும் அரைப் பக்க விளக்கத்தையும் இணைத்தேன். பழைய அட்டையில் அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடுதல். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினேன். பொய் எழுதிப் பிடிபட்டால் ஐந்து வருடம் கனடாப் பக்கமே போக முடியாது. உண்மையை எழுதினால் அரைப் பக்கத்தோடு போயிற்று. அப்பாவுக்கு இதில் ஒரு சந்தோஷம்கூட. தன் பிறந்த ஊரை யாரோ ஒரு அதிகாரி கேட்கிறார் என்று.

தமிழில் மட்டும் இருக்கும் எந்தத் தாளுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும், மொழிபெயர்த்தவரின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். சொந்தக்காரர் செய்தால் செல்லாது. என் தங்கை ஆங்கிலம் எம்.ஏ., சும்மா செய்து தருவாள் என்று நினைத்தேன். நடக்கவில்லை.

படமும் பேச்சும்

உறவு உண்மை என்று காட்ட அனுப்பும் படங்கள் அதிகபட்சம் 20, கடிதம் அல்லது சாட் 10 பக்கம். ஆல்பக்காரர் கொடுத்த பென் டிரைவில் 2,400 படம் இருந்தது. 20 பொறுக்குவதற்குள் எங்களுக்குள் முதல் பெரிய சண்டை வந்தது. புகை மண்டலத்தில் நடந்துவரும் போஸ் எல்லாம் வேண்டாம். பெண் பார்த்த அன்று எடுத்த மங்கலான செல்போன் படம், நிச்சயத்தட்டு மாற்றியது, தாலி கட்டியது, இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்றது, மறுவீடு, விமான நிலையம் என்று போக வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் தேதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள். பேசி முடித்த கல்யாணம் என்பதால் 'இரண்டே முறை பார்த்துக் கல்யாணமா?' என்ற கேள்வி எழலாம். அதற்கு எங்கள் பக்கமே பதில் எழுதினோம்: எங்கள் வழக்கம் இது, பேச்சை ஆரம்பித்தவர் இன்னார், அதற்குப் பிறகு இத்தனை மாதம் போனில் பேசினோம்.

சாட்டில் தேன் ஒழுகும் பக்கங்களை மட்டும் எடுக்காதீர்கள். நாங்கள் மாதத்துக்கு ஒரு பக்கம் என்று எடுத்தோம். ஒரு பக்கத்தில் கேஸ் சிலிண்டர், ஒரு பக்கத்தில் அவள் சம்பளத்தில் அனுப்பிய பணம், ஒன்றில் நான் போன் எடுக்காததற்குத் திட்டு. அது மழை நாள். மரம் விழுந்து கரண்ட்டும் இல்லை, டவரும் இல்லை. குடும்பம் நடத்துகிறவர்கள் இதைத்தான் பேசுவார்கள். மொய் நோட்டில் இரண்டு பக்கத்தையும் மொழிபெயர்த்து வைத்தேன். யாரும் கேட்காத தாள்தான், ஆனால் தோட்டம், ஊர் என்று வரிசையாக எழுதி 51, 101, 501 என்று இருந்ததைப் பார்த்தபோது இதைவிடப் பெரிய சாட்சி எது என்று தோன்றியது.

ஸ்பான்சருக்கு வருமான வரம்பு இருக்கிறதே என்று பயப்படுகிறார்கள். கணவன் மனைவிக்குப் பெரும்பாலும் அது கிடையாது. மூன்று வருடம் செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடுவது உண்டு. அதைவிட முக்கியமான கண்ணி வேறு: பி.ஆர். கைக்கு வருவதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்து, அதைத் துறைக்குச் சொல்லாமல் அங்கே போய் இறங்கியவர்கள் பிறகு அந்தத் துணையை ஸ்பான்சர் செய்வது பெரும் கஷ்டம். இறங்குவதற்கு முந்தின வாரம் தாலி கட்டினாலும் சொல்லிவிட வேண்டும். பி.ஆரில் இருப்பவர் ஸ்பான்சர் செய்யும் காலம் முழுக்க அங்கேயே வசிக்கவும் வேண்டும். சிட்டிசனுக்கு மட்டும் அதில் தளர்வு உண்டு. என் மனைவி அடுத்த தைப்பொங்கலுக்கு மூன்று வாரம் வந்து போனாள், அவ்வளவுதான்.

அனுப்பிய பிறகு

ஆகஸ்டில் இரண்டாவது முறை அனுப்பினோம். செப்டம்பரில் ஃபைல் நம்பரோடு ஏ.ஓ.ஆர்., அதாவது பெற்றுக்கொண்டோம் என்ற கடிதம். அதையடுத்து பயோமெட்ரிக்ஸ் கடிதம். 30 நாள் கெடு. சென்னை மையத்தில் அப்பாயின்ட்மென்ட் எடுத்தேன். மலையிலிருந்து போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் ரோட்டை நம்பி அன்றன்றைக்குக் கிளம்பாதீர்கள். மண் சரிந்தால் ரயில் உங்களுக்காக நிற்காது. நான் மத்தியானமே இறங்கிப்போய், மேட்டுப்பாளையத்தில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு, ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினேன்.

விரல் ரேகைதான் படுத்தியது. தேயிலையில் கை வைக்கிறவன் விரலில் கறை ஊறிப்போய், தோல் வெடித்திருக்கும். முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய என் அம்மாவுக்கு ரேஷன் கடை மெஷினில் ரேகையே விழாது. எனக்கு மூன்றாவது முறையில் விழுந்தது. நான்கைந்து நாள் முன்பிருந்தே தேங்காய் எண்ணெய் தடவி, மெஷின் பக்கம் கை வைக்காமல் இருந்தால் நல்லது. இதை எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை.

டிசம்பரில் ஸ்பான்சர் தகுதி சரி என்று அவளுக்கு மெயில். ஜனவரி 2025 கடைசியில் எனக்கு மெடிக்கல் கடிதம், பிப்ரவரியில் சென்னையில் செய்தேன். அவர்கள் பட்டியலில் இருக்கும் டாக்டரிடம் மட்டும்தான் செய்ய வேண்டும். நம்ம ஊர் டாக்டர் சர்டிஃபிகேட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் செல்லாது. முடிவை அவர்களே நேரடியாக அனுப்பிவிடுவார்கள். மார்பு எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள், அதில் இரண்டு மாதம் ஓடிவிடும். தோட்டத்துக் குடும்பங்களில் இது அரிதில்லை. பழைய சிகிச்சைச் சீட்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். சர்க்கரை, கிட்னி என்று சிகிச்சைச் செலவு அதிகமாகும் என்ற காரணத்துக்காகக் கணவன் மனைவியை மறுக்க முடியாது, சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. இதற்காகவே விண்ணப்பிக்காமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

மெடிக்கலுக்கு ஆயுள் 12 மாதம். இதைப் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். கடைசியில் கிடைக்கும் அனுமதியின் கெடு, மெடிக்கல் அல்லது பாஸ்போர்ட், எது முதலில் முடிகிறதோ அதோடு முடியும். ஃபைல் தாமதமானால் விமானம் ஏற மிச்சமிருக்கும் நாட்கள்தான் சுருங்கும்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் ஒன்றும் இல்லை. ட்ராக்கர் என்று ஒன்றை 2022 பிப்ரவரியில் கொண்டுவந்தார்கள். தகுதி, மெடிக்கல், பின்னணிச் சோதனை என்று வரிசை வரிசையாகக் காட்டும். பின்னணிச் சோதனை வரி மாதக்கணக்கில் அசையவே இல்லை. நானும் ராத்திரி ஷிப்டில் டிரையர் பக்கத்தில் நின்றுகொண்டு போனைத் திறந்து திறந்து பார்த்தேன். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று மனைவி கண்டிஷன் போட்டாள். குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனில் ராணுவத்தில் இருந்து வந்த ஒரு நண்பருக்கு இந்தக் கட்டம் இன்னும் நீண்டது. ராணுவம், போலீஸ் என்று வேலை பார்த்தவர்கள் எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று முதலிலேயே விலாவாரியாகக் கொடுத்துவிடுவது உத்தமம்.

2023 அக்டோபரில் கனடா தன் 41 தூதரக அதிகாரிகளை இந்தியாவிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. குடிவரவுத் துறை ஆட்கள் இங்கே 27-லிருந்து 5 ஆனார்கள். அதை வைத்து "இனி உன் ஃபைல் அவ்வளவுதான்" என்று ஃபேக்டரியில் பேப்பர் படிக்கிற எல்லோரும் சொன்னார்கள். இந்திய விண்ணப்பங்களில் 89% அதற்கு முன்பே மற்ற நாட்டு அலுவலகங்களில்தான் பார்க்கப்பட்டு வந்தன என்று அந்தத் துறையே அப்போது சொல்லியிருந்தது. உங்கள் ஃபைல் எந்த ஊர் மேசையில் இருக்கிறது என்பதை ஊகித்து மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

எப்போது கதவைத் தட்டுவது

தளத்து எண் தாண்டும் முன் துறையின் வெப்ஃபாரத்தில் (இணையப் படிவம்) 'என்ன ஆயிற்று' என்று கேட்டால் வழக்கமான பதில்தான் வரும். முகவரி மாறினால், புதுப் பாஸ்போர்ட் வந்தால், குழந்தை பிறந்தால் மட்டும் உடனே அதில் தெரிவிக்க வேண்டும். குழந்தை விஷயத்தை மறைத்தால் பிறகு அந்தக் குழந்தையையே கூப்பிட முடியாமல் போகலாம்.

பத்தாவது மாதம் நாங்கள் ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ் எடுத்தோம். ஃபைலில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகள் அவை. தகவல் அறியும் சட்டம் மாதிரிதான், கட்டணம் 5 டாலர், 30 நாள் கணக்கு. அந்தச் சட்டத்தில் கனடா சிட்டிசனோ பி.ஆரோ அங்கே இருப்பவரோதான் கேட்க முடியும், எனவே நான் ஐஎம்எம் 5744 என்ற சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினேன், அவள் விண்ணப்பித்தாள். வந்த பக்கங்களில் பாதி குறியீடு. ஆனால் உறவு உண்மையானது என்ற கட்டம் தாண்டிவிட்டது, பாதுகாப்புச் சோதனை மட்டும் நிலுவை என்பது புரிந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். தளத்து எண்ணைத் தாண்டிய பிறகு அவள் தன் தொகுதி எம்.பி. அலுவலகத்தில் சொன்னாள். அங்கே அதற்கென்றே ஆள் இருப்பார், ஸ்பான்சர் கேட்டால் துறையிடம் விசாரித்துச் சொல்வார். வேகப்படுத்த மாட்டார், தகவல் மட்டும் வரும்.

வேகப்படுத்தித் தருகிறேன் என்று கோவையில் ஒருவர் எங்களிடம் ஒன்றரை லட்சம் கேட்டார். அப்படி ஒரு தனி வழியே கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அங்கே லைசென்ஸ் வேண்டும், வக்கீல் அல்லது பதிவு பெற்ற கன்சல்டன்ட். அவர்கள் பெயரைப் பொதுப் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம். பிரதிநிதி என்று ஐஎம்எம் 5476-ல் தன் பெயரைப் போட மறுக்கிறவரிடம் பாஸ்போர்ட் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

இடையில் விசிட்டர் விசா எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அதற்குச் சட்டத்தில் தடை இல்லை, 100 டாலர் கட்டணம். நான் போகவில்லை. இலை வரத்து இல்லாத மாதத்தில்தான் எனக்கு லீவு, அப்போது அங்கே பனி. கோத்தகிரிக் குளிரே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வேலையை மட்டும் முன்கூட்டிச் செய்துவிடாதீர்கள்: ராஜினாமா. நான் முதல் வருடமே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் வேறு ஆளைப் பழக்க ஆரம்பித்துவிட்டார், அந்தப் பையன் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொண்டான், நான் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பாஸ்போர்ட் கேட்டு மெயில் வந்த பிறகு ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க நேரம் தாராளமாக இருக்கிறது.

அந்த மெயில் அக்டோபரில் வந்தது. பாஸ்போர்ட்டை அனுப்பினேன். நவம்பரில் ஒரு மழை நாள், மத்தியானம் மூன்று மணிக்கு கூரியர்காரர் குடையோடு வந்தார். வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது எழுத்துப்பிழை, பிறந்த தேதி, பிறகு எந்தத் தேதிக்குள் போய் இறங்க வேண்டும் என்பது. எனக்குப் பிப்ரவரி, மெடிக்கல் முடியும் மாதம். அங்கே விடியற்காலை நாலரை. ஷிப்டுக்கு எழுந்திருப்பாள் என்று தெரியும். போன் போட்டுத் தாளை வரிவரியாக வாசித்தேன். குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயர். இடுபெயர் காலி.

"அப்படின்னா இனிமே நம்ம குடும்பத்துக்கே உங்க பேருதானா?" என்றாள். "பொறக்கப்போற புள்ளைக்கு நான் பேரு வெச்சுக்கிறேன். நீங்க ஸ்வெட்டர் எடுத்து வைங்க, நம்ம ஊரு ஸ்வெட்டர் இங்க பத்தாது, ரெண்டா எடுத்து வைங்க."